திவசத்துக்கு ஓர் ஓடம்

"பெரியம்மா, ஆத்துக்கு நடுவுல இருக்கறவங்களுக்கு எந்தக் கரை சொந்தம்?"

கொழுந்தனாரின் மகள் கண்ணகி ஐந்து வயதில் ஒருநாள் கேட்ட கேள்வி இது. கொள்ளிடத்தின் நடுவே கிடக்கும் திட்டையும், அதன்மேல் தெரிந்த இருபது கூரைகளையும் பார்த்துக்கொண்டே கேட்டாள். கொளஞ்சியம்மாள் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "பெருமாளக் கேட்டுச் சொல்றேன்டி கண்ணு" என்று சொல்லிப் பின்னலை முடித்துவிட்டாள். கேட்டும் பார்த்தாள். பெருமாள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த ஆனியில், கணவன் இளையபெருமாளின் முதல் வருடத் திவசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அந்த வீட்டில் பொழுது பாத்திரச் சத்தத்தோடு விடிந்தது. ஓரகத்தி கலியம்மாள் அடுப்படியில் அண்டாவை நகர்த்தவில்லை, அறைந்தாள். கொழுந்தன் அரங்கநாதன் அரியலூர் டவுனில் வாங்கி வந்த புதுக் குடையையும் தோல் செருப்பையும் கூடத்தில் வைத்தான்.

"அண்ணி, தெவசத்துக்குத் தானம் குடுக்க வாங்கியாந்துட்டேன். பாத்துக்குங்க."

கொளஞ்சியம்மாள் அவற்றைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

"உங்கண்ணன் என்னைக்குத் தம்பி குடை புடிச்சாரு? செருப்பு மாட்டுன காலா அது? அவரு கையால பொழங்குனதத்தானே தானம் குடுக்கணும்..."

"அப்புறம்?"

"அந்த ஓடந்தான் அவரு பொழங்குனது. அதக் குடுத்துடலாம். தர்ம ஆஸ்பத்திரிக்காரங்க கேக்கறாங்க. தண்ணி வந்துட்டா திட்டுல இருக்கற சனங்களுக்கு மருந்து கொண்டுபோவ வழியில்லையாம்."

அடுப்படியில் அண்டாச் சத்தம் சட்டென்று நின்றது.

ஆற்றில் பாலம் கட்டிய காலத்தில் அங்கே கூலிவேலை பார்த்தவர் இளையபெருமாள். வேலை முடிந்ததும் கண்டிராக்டர் போட்டுவிட்டுப் போன தார்ப் பீப்பாய்கள் பன்னிரண்டை வாங்கி, வரிசையாகக் கட்டி, மேலே வேப்பம்பலகை அடித்து அவர் செய்த மிதவைதான் அந்த ஓடம். திட்டிலிருந்து கரும்பு அதில்தான் கரையேறியது. மாடும் மணப்பெண்ணும் அதில்தான் போனார்கள். பாலம் மூன்று மைல் தள்ளி இருந்தது. திட்டுக்காரர்களுக்கு அது கண்ணுக்குத்தான் பாலம். அவர் கண்மூடிய பிறகு ஓடம் கரையில் ஏறிக் கிடந்தது.

"நல்லாருக்கே நாயம்!" கலியம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்தாள். "பலகைய எடுத்து மேலண்டை ரூமுக்குக் கதவு போடலாம்னு இவரு ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்காரு. பீப்பாய வெல்லம் காய்ச்சறவங்க கேட்டிருக்காங்க. ஊருக்கு அள்ளிக் குடுக்கறதுக்கா வச்சிருக்கோம்?"

"கலியம்மா, கதவு எப்ப வேணும்னாலும்..."

"புள்ள குட்டின்னு இருந்தாத்தானே அக்கா வூட்டு அருமை தெரியும்!"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் வாயிலிருந்து போன சொல் போனதுதான். அரங்கநாதன் மனைவியைக் கண்டிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

அன்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கொளஞ்சியம்மாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு வருடமாக அப்படித்தான். நிறைந்த வீடு, ஆனால் "உப்பு போதுமா?" என்று கேட்க ஒரு குரல் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இந்த நிமிஷமே இருவர் வாயும் அடைந்துபோகும். ஆனால் சொன்னது சொன்னதுதானே... கண்ணகி ஓடிவந்து மடியில் தலையைச் சாய்த்தாள். கொளஞ்சியம்மாள் அதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கையைக் கழுவினாள்.

திவசத்தன்று புரோகிதர் குடையும் செருப்பும் வாங்கிக்கொண்டு ஆசீர்வதித்துப் போனார். அதன்பின் கொளஞ்சியம்மாள் ஒரு செம்புத் தண்ணீரும், மரக்கால் நெல்லும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தாள். தானம் கொடுக்கும் பாத்திரம் வெறுமையாக இருக்கக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். ஓடமும் பாத்திரம்தானே!

தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நல்லுசாமி சைக்கிளோடு நின்றிருந்தார். அவரோடு திட்டிலிருந்து பச்சையம்மாள் வந்திருந்தாள். மெலிந்த உருவம். ஏழு வருடமாக வெறும் கழுத்து.

ஓடத்தின் அருகே போனபோதுதான் தெரிந்தது... நடுப்பலகைகள் ஆறு இல்லை! பெயர்த்த இடத்தில் பீப்பாய்கள் எலும்புபோலத் தெரிந்தன. அரங்கநாதன் கடப்பாரையோடு அதன்மேல் நின்றிருந்தான். பின்னாலேயே கலியம்மாளும் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தம்பி... தெவசத்தன்னைக்கு இப்பிடிச் செய்யலாமா?"

"எங்கண்ணன் சொத்து அண்ணி இது! எனக்கும் பாத்தியதை இருக்கு. கம்பவுண்டர் சார், நீங்க படிச்சவரு. ஒரு பொம்பள குடுத்தா வாங்கிக்கறதா?"

"இல்லீங்க... வேணாம்னா நாங்க..." என்று நல்லுசாமி சைக்கிளைத் திருப்பினார்.

"இவரு என்ன செய்வாரு? எல்லாம் இந்தப் பச்சையம்மா வேலை!" அரங்கநாதனின் குரல் உயர்ந்தது. "மாசத்துக்கு ரெண்டு தடவ எங்க அண்ணியப் பாக்க வரியே, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அழுது அழுதே ஓடத்தக் கறந்துட்ட!"

பச்சையம்மாள் தலை குனியவில்லை. "நான் ஒண்ணும் கேக்கலீங்க. வேணான்னுதான் சொன்னேன். என் ஒருத்திக்கு வேணாம், குடுக்கறதா இருந்தா எல்லாருக்கும் ஆவறமாரி ஆஸ்பத்திரிக்குக் குடுங்கன்னேன். அதுவும் உங்களுக்குப் புடிக்கலன்னா வேணாங்க. நான் வரேன் தாயி."

"போ, போ! ஆட்டுக்கு ஆசப்பட்டு வெள்ளத்துல விழுந்து செத்தவன் பொண்டாட்டிதானே... உனக்கு மட்டும் பேராசை இல்லாமயா இருக்கும்!"

"தம்பி!"

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கொளஞ்சியம்மாள் செம்பை மணலில் வைத்தாள். மலடி என்றார்கள், பொறுத்தாள். வீட்டை அழிக்கிறாள் என்றார்கள், பொறுத்தாள். இறந்தவன் பெயரில் மண்ணை அள்ளிப் போட்டால்...?

"மாயவன் ஆட்டுக்குப் போவல தம்பி... உனக்குப் போனான்!"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"அந்த ஐப்பசி வெள்ளத்துல திட்டுல மேஞ்ச மாட்ட ஓட்டியாறேன்னு ஓடத்தக் கெளப்பிக்கிட்டுப் போனியே... குடிச்சிருந்த. வடம் அறுந்துது. நீ தண்ணில விழுந்துட்ட. திட்டுல நின்ன மாயவன் குதிச்சான். உன்னத் தூக்கிப் பலகைல போட்டு, துண்டால பீப்பாயோட சேத்துக் கட்டுனான். கட்டி முடிக்கறதுக்குள்ள சொழல் அவன இழுத்துக்கிட்டுப் போயிட்டுது. உங்கண்ணன் கரையிலேருந்து பாத்தாரு. இதோ... இவளும் பாத்தா!"

அரங்கநாதன் ஓடத்தின்மேல் அப்படியே உட்கார்ந்தான். அவனுக்கு நினைவிருந்ததெல்லாம் வீட்டில் கண் விழித்ததுதான். ஓடம் தானாகக் கரை ஒதுங்கியது என்று அண்ணன் சொன்னதை ஏழு வருடமாக நம்பியிருந்தான்.

"ஏன்... ஏன் சொல்லல?"

பச்சையம்மாள்தான் பேசினாள். "நாந்தாங்க வேணான்னேன். உங்கூட்டம்மா அப்போ ஏழு மாசம். போன உசுரு போயிட்டுது... இருக்கற உசுர ஏன் நடுங்க வைக்கணும்? ஆட்டுக்காகப் போனான்னு ஊரு பேசட்டும்னேன்."

கலியம்மாள் அப்படியே மணலில் சரிந்து கொளஞ்சியம்மாளின் காலைக் கட்டிக்கொண்டாள். "அக்கா... என் தாலி நெலைக்கறதுக்கு ஒருத்தி கழுத்து வெறுங்கழுத்தா நிக்குதே! இதையெல்லாம் நெஞ்சுல வச்சுக்கிட்டா நான் பேசுன பேச்சக் கேட்ட? என் வாயில புத்துதான் வெக்கணும் அக்கா..."

"எழுந்திரு கலியம்மா. எனக்குப் புள்ள இல்லன்னு யாரு சொன்னா? கண்ணகி இருக்கா, நீ இருக்க..." அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள் கொளஞ்சியம்மாள். கலியம்மாள் விசும்பி விசும்பி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே போய்ப் பச்சையம்மாளின் கையைப் பிடித்து ஓடத்தருகே அழைத்து வந்தாள்.

அரங்கநாதன் இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் கரைமேட்டில் ஏறிப் போய்விட்டான்.

ஆறு பலகை குறைந்த ஓடத்தில் மரக்கால் நெல்லை வைத்து, தாரை வார்த்து, கம்பவுண்டர் கையில் கொடுத்தாள் கொளஞ்சியம்மாள். குறையோடு கொடுத்த தானம் என்று மனசு உறுத்தியது.

அதைவிட அதிகமாக உறுத்தியது கொழுந்தனின் மௌனம். இரண்டு வேளை சாப்பாட்டை ஒதுக்கினான். குழந்தை கூப்பிட்டாலும் திரும்பவில்லை. ஏழு வருடம் அடைகாத்ததை ஒரு கணத்தில் கொட்டிவிட்டோமே... உண்மைதான் என்றாலும், கல்லைத் தூக்கி ஒருவன் நெஞ்சில் வைத்தது நான்தானே என்று கொளஞ்சியம்மாள் கலங்கினாள். கணவன் படத்தின் முன்னால் நின்று, செய்தது சரியா என்று கேட்டாள்.

ஐந்தாம் நாள் விடியலில் அவள் குளிக்க ஆற்றுக்குப் போனாள். ஆள் நடமாட்டம் இல்லை. கரையில் ஓடம் இருந்தது. அருகே போய்ப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

ஆறு பலகைகளும் இருந்த இடத்தில் இருந்தன. துருப்பிடித்த ஓரங்கள் மழுங்கத் தேய்க்கப்பட்டு, பன்னிரண்டு பீப்பாய்களும் புதுத் தாரில் கருகருவென்று மின்னின. நடுவில் ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு, விழாமல் பிடித்துக்கொள்ளப் புதிதாக இரண்டு பக்கமும் கட்டை அடித்திருந்தது. யார் செய்தது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மணலில் ஒற்றை ஆளின் காலடிகள் மட்டும் கரைமேட்டை நோக்கிப் போயிருந்தன.

குளித்து ஈரப் புடவையோடு வீட்டுக்குத் திரும்பினாள். கொல்லைக் கிணற்றடியில் அரங்கநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் தார். எவ்வளவு தேய்த்தாலும் போவதாக இல்லை.

அண்ணியைப் பார்த்ததும் கையை மடியில் மறைத்துக்கொண்டான்.

கொளஞ்சியம்மாள் பார்க்காததுபோல உள்ளே போனாள். விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றினாள். கிழிந்த துணி ஒன்றைத் தேடி எடுத்தாள். இரண்டையும் கொண்டுவந்து துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்பி, தனக்கும் அவனுக்குமாக இரண்டு பேருக்குச் சோறு போட்டாள்.