வாய்ச் சத்தம்

ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஹெட்போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. எதையோ ஈரமாக மெல்வதுபோல, எச்சிலில் ஒட்டிய நாக்கு மெல்லப் பிரிவதுபோல, ஒரு 'சப்'.

அவள் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். வாய்ச் சத்தம் புதிதல்ல. ஒரு மிடறு தண்ணீர் குடித்தால், ஒரு துண்டு ஆப்பிள் கடித்தால் போய்விடும். இன்று போகவில்லை. ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையின் புழுக்கமும், மைக்கை மூடிய ஸ்பாஞ்சில் யார் யாருடைய மூச்சோ ஊறிப் புளித்த நாற்றமும் சேர்ந்து அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளன் பேசினான். "அக்கா, வாயில ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்லையேப்பா."

"சரி, நான் வெட்டிக்கிறேன். நீங்க படிங்க."

நாவலில் கதை சொல்கிறவன் ஒரு புளுகன். மனைவியைக் கொன்றுவிட்டு, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சாதிக்கிறவன். எப்படி இவனுக்கு வாய் கூசவில்லை என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. 'அவள் தங்கை வீட்டில் சுகமாக இருக்கிறாள்' என்று நிதானமாக வாசித்தாள்.

சப்.

"நிறுத்துங்கக்கா. புத்தகத்துல இல்லாததை வாசிக்கிறீங்க."

"இருக்கிறதத்தானே வாசிச்சேன்."

அவன் பதிவை ஓடவிட்டான். அவள் குரலேதான். அதே நிதானம்.

'அத்தைக்குப் பல் இல்லை. அதனால் நானே மென்று ஊட்டினேன். துப்பினாள். துப்பியதை வழித்து மறுபடி ஊட்டினேன். மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பிறகு துப்பவில்லை.'

அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "உங்க மாமியாரைத்தானே அத்தைம்பீங்க? அவங்க இப்ப எங்கக்கா?"

"மச்சினர் வீட்டுக்குப் போயிருக்காங்க. சுகமா இருக்காங்க."

உண்மைதான். அவளே பஸ் ஏற்றிவிட்டாள். நன்றாக நினைவிருக்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தை விறுவிறுவென்று நடந்துபோனாள்.

அத்தை படுத்த படுக்கையாகி வருஷக்கணக்காகிறது.

சப்.

அவள் வாய் மூடியிருந்தது. பற்களை இறுகக் கடித்தாள். சப். சப். சத்தம் தொண்டைக்குக் கீழேயிருந்து வந்தது. ஏதோ உறுத்தியது. விரலை உள்ளே விட்டாள். ஒரு நுனி அகப்பட்டது.

இழுத்தாள்.

கொழகொழத்த எச்சிலோடு ஒரு நரைமுடி. வந்தது. இன்னும் வந்தது. மோவாயைத் தாண்டி, மடியைத் தாண்டித் தொங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

அவள் இன்னொரு முறை இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ திருப்பி இழுத்தார்கள்.