ஈரமாக விழுந்த ஓட்டு

பகல் ஒரு மணிக்கு, மடக்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கிளீவ்லாந்திலிருந்து அரசு அதிகாரியம்மாள் எங்கள் லாரி டிப்போவின் காபி அறைக்குள் வந்தார். வெளியே ஏரிப்பக்கத்துப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர்களுக்குச் சங்கம் வேண்டுமா, வேண்டாமா என்று ரகசிய ஓட்டு. மேசையில் சங்கத்துச் சாட்சியாக நான், கம்பெனிச் சாட்சியாக லாயிட். தகுதியில்லாத ஆள் வந்தால் ஆட்சேபிப்பது எங்கள் வேலை.

பட்டியலில் அறுபத்து மூன்று பேர். கடைசிப் பெயர் ஆர்வில் ஷ்ராக். பதினொரு நாள் முன்பு நாங்கள் புதைத்தவன். பெயரை அடிக்க அலுவலகத்தில் மறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் அவனை அங்கே யாரும் பெரிதாகக் கவனித்ததில்லை.

இதே மாதிரிப் பனியில்தான் லாரியோடு பாலத்திலிருந்து விழுந்தான். "வண்டி எடுக்கலேன்னா சாவியை வெச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றிருந்தான் அன்று மேலாளன் கென். ஆர்வில் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். எடுத்தான்.

முப்பது வருட நண்பன். சங்க அட்டையை நீட்டினால் சிரிப்பான். "எனக்காகப் பேச இன்னொருத்தன் எதுக்குடா ஹார்லன்? என் வாய் என்ன வாடகைக்கா போயிருக்கு?"

மூன்று மணிக்கு ஓட்டு முடியும்; இன்னும் பத்து நிமிடம். அறுபத்திரண்டு ஓட்டும் விழுந்துவிட்டது. எங்கள் கணக்கில் சரிபாதி. சமமானால் சங்கம் கிடையாது, அதுதான் சட்டம்.

கதவு திறந்தது.

நனைந்த கம்பளி வாடை. டீசல். அவன் எப்போதும் மெல்லும் புதினா மிட்டாய்.

"பேரு?" என்றார் அம்மாள், தலை நிமிராமல்.

"ஷ்ராக். ஆர்வில்."

நான் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தேன். நீலம் பாரித்திருந்தது. நகக்கண்ணில் ஐஸ்.

லாயிட் என் காதருகே குனிந்தான். "நீ ஆட்சேபிடா."

"நீ சொல்லு. வேண்டாம்னு போடுற உன் ஆளுதானே."

"அது உசுரோட இருந்தப்ப."

"ஆட்சேபம் உண்டா?" என்றார் அம்மாள்.

லாயிட் பட்டியலைப் புரட்டினான். நான் காபியைக் கலக்கினேன்.

"பூட்ஸைத் துடைச்சிட்டு வரக் கூடாதா?" என்று சீட்டைக் கொடுத்தார்.

எண்ணினார்கள். வேண்டும் முப்பத்தொன்று. வேண்டாம் முப்பத்தொன்று. கடைசிச் சீட்டு பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொட்டச்சொட்ட ஈரம்.

வேண்டும்.

பதினொரு நாள் தாமதமாக மனசு மாறியிருந்தான்.

நீங்கள் நம்ப வேண்டாம். அறுபத்து மூன்று பேரும் ஓட்டுப் போட்டதாக அரசு முத்திரையோடு தாள் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் எழுதி வாங்கியது: பாதை மோசமென்றால் டிரைவர் மறுக்கலாம், வேலை போகாது. அடுத்த ஜனவரியில் ஒரு பனி நாள், கென் அலுவலக ஜன்னல் வழியே லாரிச் சாவியை என் பக்கம் தள்ளினான். ஒப்பந்தம் சட்டைப்பையில் இருந்தும் என் கை சாவியை நோக்கிப் போனது.

அப்போது புதினா வாசம் வந்தது.

"முடியாது, கென்" என்றேன்.

கென் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தான். மெதுவாகச் சாவியை இழுத்துக்கொண்டான்.

குனிந்தேன். என் பூட்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு ஈரத் தடங்கள், ஜன்னலைப் பார்த்தபடி.

ஆர்வில் சாவியை எடுத்த அன்று நான் அவனை விட்டுப் பத்தடி தள்ளி, காபி மெஷினருகே நின்றேன். இந்தத் தடங்கள், தோளோடு தோள் உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் இருந்தன.

ஜூலை வந்தும் அவை காயவில்லை.