இரண்டு பட்டன்களுக்கு நடுவே

மாமியாரின் கீழ்ப்பல் செட், அவள் வாயை அளவெடுத்து வார்த்த மாவு அச்சில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாயில் உட்கார மறுத்தது. இது மூன்றாவது முறை. மருமகளுக்குப் பிடிபடவே இல்லை. பதினாறு வருடமாகப் பல்செட் கட்டுகிறவள் அவள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பாள். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

சிக்கலான வேலையும் இல்லை. மாமியாரின் கீழ்த்தாடையில், கோரைப்பற்கள் இருந்த இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டைட்டானியம் திருகுகள். டைட்டானியத்தை எலும்பு வேற்றாளாக நினைப்பதில்லை. சில மாதங்களில் அதைச் சுற்றி வளர்ந்து தன்னோடு இறுக்கிக்கொள்ளும். பிறகு அது அசையாது. ஈறுக்கு மேலே தெரியும் அவற்றின் உருண்டைத் தலைகளில், செட்டின் அடியிலுள்ள குழிகள் பிரஸ் பட்டன் மாதிரி டக்கென்று மாட்டிக்கொள்ளும். குழிகளுக்கு நடுவே இருபத்திரண்டு மில்லிமீட்டர். அச்சில் இருக்கும் திருகுத் தலைகளுக்கு நடுவேயும் இருபத்திரண்டு. ஆனாலும் மாமியார் வாயைத் திறந்ததும் ஒரு பட்டன் கழன்றுவிடும்.

"இந்த மாவுக்காரி வேணும்னேதான் பண்றா," என்றாள் மாமியார் கட்டிலில் இருந்தபடி. கல்யாணமான வாரமே வைத்த பெயர் அது. "நான் பட்டினி கிடந்து போய்ச் சேரணும். அதுக்குத்தானே காத்திருக்கா."

கணவன் கதவில் சாய்ந்து நின்றான். "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறே. எங்கம்மான்னா மட்டும் கை வரமாட்டேங்குதா? எட்டு நாளா அவங்க வாயில ஒண்ணும் இறங்கலே. இன்னிக்குச் சரியாகலேன்னா நீ இந்த வீட்லயே இருக்க வேணாம். உனக்கு வேலை தர ஒவ்வொரு டாக்டருக்கும் நானே போன் போட்டு, வயசானவங்களைப் பட்டினி போட்ட கதையைச் சொல்றேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதென்று மாமியார் பட்டப்பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்லியிருந்தாள். பல்செட் வார்க்கும் அக்ரிலிக் திரவத்தின் காரமான நெடிக்கு அடியில் வேறொரு வாடை, வெகு நாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தது போல, அறையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. எட்டு நாள் பட்டினி கிடந்தவளின் கன்னம் ஒட்டவில்லை என்பதை மருமகள் அப்போதுதான் கவனித்தாள். கருவிப் பெட்டியைத் திறக்கக் குனிந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ நெட்டி முறிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் இரண்டு கைகளும் போர்வை மேல் அசையாமல் கிடந்தன.

"கொஞ்சமா திறங்க அத்தை."

திருகுத் தலைகளுக்கு நடுவே இடைவெளி அளக்கும் காலிப்பரை வைத்தாள். இருபத்திரண்டு. இந்த நிலையில்தான் அச்சும் எடுத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

யாராக இருந்தாலும் வாயை அகலத் திறக்கும்போது தசைகள் இரு பக்கமும் உள்ளே இழுத்து, கீழ்த்தாடை ஒரு மயிரிழை குறுகும். புதிதாக வரும் டாக்டர்களுக்கு அவள் ஆசையாக விளக்கிச் சொல்கிற சங்கதி அது. ஆக, இருபத்தொன்றே முக்கால் வரலாம்.

இருபத்து நான்கு வந்தது.

காலிப்பரைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இருபத்தாறு. கையை எடுக்காமல் பார்த்தாள். இருபத்தொன்பது.

திருகுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. எலும்பு அவற்றைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அப்படியென்றால் நகர்வது திருகு இல்லை.

கருவில் கீழ்த்தாடை இரண்டு எலும்பு. பிறந்து ஒரு வருடத்துக்குள் மோவாயின் நடுவில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

விரல் உள்ளே போனது.

வெறும் தோல். தோலுக்கு அடியில் தாடையின் வலப்பக்கம் நகர்ந்தது. நெட்டி முறியும் சத்தம். பிறகு இடப்பக்கம். தனியாக.

"கண்டுபிடிச்சிட்டியா," என்றாள் மாமியார், குரலை உயர்த்தாமல். "சீக்கிரம் கட்டு. பசிக்குது."

கால்கள் ஓடச் சொல்லின. "என்ன, இன்னும் ஆகலையா?" என்று வெளியிலிருந்து கணவன் கேட்டான். தாழ்ப்பாளில் அவன் கை படும் சத்தம்.

"ஆச்சு," என்றாள் மருமகள். அது தன் குரல் மாதிரியே இல்லை.

சின்ன வட்ட ரம்பத்தை எடுத்தாள். அறுத்தாள். விளிம்பைத் தேய்த்தாள். வலப்பக்கம் அழுத்தினாள். டக். இடப்பக்கம். டக்.

மாமியார் வாயைத் திறந்தாள். கழலவில்லை. இன்னும் திறந்தாள். கழலவில்லை. பல்வரிசை நடுவில் பிரிந்தது. இரண்டு விரல் இடைவெளி. நான்கு விரல். ஒரு சாண். மோவாய்த் தோல் இழுபட்டு வெளுத்தது. நடுவே இருட்டு.

கணவன் உள்ளே வந்தான். அரையிருட்டில் கண் பழகாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பல்லைப் பார்க்க முகத்தைக் கிட்டே கொண்டுபோனான்.

"நல்லா திறம்மா, பார்க்கலாம்."

செட்டின் ஒரு பாதி அவனுடைய வலது காதைக் கடந்து போனது. மறுபாதி இடது காதை.

மருமகள் செய்தது சின்னத் திருத்தம்தான். ஒரே துண்டாக இருந்த செட்டை நடுவில் அறுத்து இரண்டாக்கியிருந்தாள். தாடையின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு துண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பட்டன். இனி எவ்வளவு அகலம் திறந்தாலும் அது கழலாது.