மாதிரிக்கு ஒரு பக்கம்

பக்கத்து அறையில் அம்மாவின் குரல் கேட்டது. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசாத அம்மா, "முதுகைத் துடைத்த பின் ஈரம் போகக் காற்றாட விடுங்கள்" என்று கொஞ்சமும் குழறாமல் சொன்னாள்.

மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு மகள் ஓடினாள். முற்பகல் மழையில் வெளுத்துப்போன வெளிச்சமும், கிருமிநாசினி வாடையும், முகப்பவுடர் வாசனையும், காற்று மெத்தைக்குக் காற்றடிக்கும் சின்ன இயந்திரத்தின் முனகலும் எப்போதும்போலவே அந்த அறையில் இருந்தன. அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

"அம்மா, நீயா பேசின? இன்னொரு தடவை சொல்லும்மா."

கண்ணோரம் மட்டும் நனைந்திருந்தது.

அழுகையும் சிரிப்புமாகத் திரும்பி வந்து உட்கார்ந்தவள் திரையைப் பார்த்தாள். அங்கே அதே வரி.

மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. இப்போது எழுதிக்கொண்டிருந்தது, அலுவலகத்தில் எல்லோரும் 'உருவி' என்று கூப்பிடும் ஒரு கருவிக்கு. ஒரு இணைய முகவரியைக் கொடுத்தால் படம், விளம்பரம், பொத்தான் எல்லாவற்றையும் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் உருவிக் கொடுக்கும். அதைப் படிப்பது மனிதர்கள் இல்லை. தாமாகவே வேலை பார்க்கும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகள். கையேட்டின் தொடக்கத்தில், ஓட்டிப் பார்க்க ஒரு மாதிரி முகவரி உண்டு. அவள் அதற்கென்றே ஒப்புக்கு ஒரு பக்கம் செய்து வைத்திருந்தாள். யாரோ அதை எடுத்துவிட்டு அம்மாவின் பக்கத்தைப் போட்டிருந்தார்கள். சற்றுமுன் கவனிக்காமல் அவள் ஓட்டிவிட்டது அதைத்தான்.

அம்மா நர்ஸாக இருந்தவள். படுக்கையில் விழுந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்காக, ஓய்வு பெற்ற பிறகு ஒரு வலைப்பக்கம் எழுதினாள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது, புண் வராமல் எப்படிக் காப்பது. இன்று அதைப் பார்த்துத்தான் மகள் அம்மாவைப் புரட்டுகிறாள்.

தன் காதுதான் ஏமாற்றியது என்று நிச்சயம் செய்துகொள்ள, மாதிரியை இன்னொரு முறை ஓட்டினாள்.

எழுத்து திரையில் கொட்டியது. பக்கத்து அறையில் குரலும் கொட்டியது. முழுப் பக்கமும், நிறுத்தற்புள்ளியில் நிற்காமல், நடுவில் மூச்சு வாங்காமல். முடிந்ததும், தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர் இழுப்பதுபோல் ஒரு மூச்சு.

டீம் லீடை அழைத்தாள். எதைக் கேட்டாலும் உடனே வேண்டும் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'உடனே சார்' என்று பெயர். அவர்தான் மாற்றியிருந்தார். சுத்தமான எழுத்து, விளம்பரத் தொல்லை இல்லை, மாதிரிக்குத் தோதான பக்கம் என்று ஏதோ பாராட்டுவதுபோல் சொன்னார். அது தன் அம்மா எழுதியது, எடுத்துவிடுங்கள் என்றாள்.

"பொதுவுல கிடக்கிற பக்கம்தானேம்மா. யார் வேணும்னாலும் படிக்கலாமே."

"யாரு சார் படிக்கிறாங்க? ஆளா படிக்குது?"

அவர் சிரித்தார். கையேட்டை எழுதியவரைக்கும் இப்போதுதான் வெளியிட்டதாகச் சொன்னார். எந்த ஏஜென்ட் புதிதாக வந்தாலும் முதலில் அந்த மாதிரியைத்தான் ஓட்டிப் பார்க்கும், இனி எண்ணிக்கை எகிறும் என்றார். அந்தச் சிரிப்பின் மேல் எதையாவது தூக்கி எறிய வேண்டும்போல் அவளுக்குக் கை பரபரத்தது.

அப்போது குரல் தானாகத் தொடங்கியது. அவள் எதையும் ஓட்டவில்லை.

"பின்னாடி யாரோ வாசிக்கிறாங்க போல?" என்றார் உடனே சார்.

அழைப்பைத் துண்டித்தாள். அம்மாவின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். உள்ளே போய்ப் பக்கத்தையே அழித்தாள். குரல் நிற்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: உருவி, ஒருமுறை எடுத்ததன் நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். 'மூலப் பக்கம் அழிக்கப்பட்டாலும் உரை தொடர்ந்து கிடைக்கும்.' அவளே எழுதிய வரி. இரண்டு முறை திருத்தி அழகாக்கிய வரி. பல்லைக் கடித்தாள்.

இணைய வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. குரல் அணையவில்லை.

இப்போது ஒரே வாயில் இரண்டு குரல். ஒன்று புரட்டச் சொன்னது, ஒன்று ஊட்டச் சொன்னது. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கண்கள் மகளைத் தேடின. நடுவில் மூச்சு வாங்க இடமே கொடுக்கவில்லை அந்தக் குரல்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். உடனே சாரை மறுபடி அழைத்தாள்.

"நிறுத்துங்க. எங்கம்மாவைக் கொல்றீங்க."

மனசு சரியில்லை என்றால் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். போனைச் சுவரில் அடித்தாள். உடைந்தது. அதனால் ஒன்றும் ஆகவில்லை.

கட்டிலுக்கு ஓடினாள். அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் ஓடின. வேகமாக. இன்னும் வேகமாக.

கையை எடுத்தாள்.

கண்கள் அவளைத் தேடவில்லை. நெஞ்சைப் பார்த்தாள். எழவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். காற்று இல்லை. மணிக்கட்டில் துடிப்பு இல்லை.

உலர்ந்த நாக்கு மட்டும் அந்த வாய்க்குள் புரண்டது. தாடை திறந்து மூடியது. மூச்சே இல்லாத தொண்டையிலிருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு கூட்டம் வாசித்தது:

"வலிக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள் பதில் வராவிட்டாலும் கேளுங்கள் கேளுங்கள் வலிக்கிறதா என்று அவரிடம்"