முந்நூறு கிலோமீட்டருக்கான உடை

காலை 5.20. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய சாலையோரப் பள்ளத்தில் மெர்வின் செத்துக் கிடந்தான். தலையில் அடி. அவன் மேல் அவனுடைய சைக்கிள். முதலில் பார்த்தவன் பரணி. அன்று இருவரும் சேர்ந்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுவதாக இருந்தது.

மதியத்துக்குள் பரணியை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டார்கள். போன வாரம்தான் இருவருக்கும் கைகலப்பு. ஊரே பார்த்த சண்டை.

மெர்வினின் அக்கா ஜெரூஷா, ஆஸ்பத்திரி லேபில் இரவு டூட்டி பார்த்துவிட்டு வந்தவள், இன்னும் யூனிஃபார்மை மாற்றவில்லை. சேலையூர் வீட்டு சோபாவில் இருந்தாள். அழுகை வரவில்லை. கைகள் வேறு யாருடையவோ போல மடியில் கிடந்தன. பக்கத்தில் கணவன் சத்தியநாதன். எதிரே இன்ஸ்பெக்டர் சிவகுமார்.

"கடைசியா பார்த்தது யாரு?"

"நான்தான் சார்," என்றான் சத்தியநாதன். "நாலரைக்கு கேட்டைத் திறந்துவிட்டேன்."

"என்ன டிரஸ்?"

"மஞ்சள் சட்டை. அது மேல ரெண்டு தோள்லயும் கறுப்புப் பட்டை. 'என்ன மச்சான், எல்.கே.ஜி. பையன் மாதிரி கிளம்பிட்டே'ன்னு ஓட்டினேன். சிரிச்சுக்கிட்டே போனான்."

சிவகுமார் போனை ஜெரூஷாவிடம் நீட்டினார். "முகம் வேணாம் மேடம். டிரஸ் மட்டும் பாருங்க."

மஞ்சள் சட்டை. அதன் மேல் கறுப்புப் பட்டைகள். சட்டையின் கீழ்ப்பாதி பட்டை வைத்த கால்சட்டைக்குள்.

நேற்று சாயங்காலம் கட்டில் முழுக்கத் துணி பரப்பியிருந்தான் மெர்வின். "காட்டன் வேணாம்க்கா. வேர்வையில ஊறி உடம்பை அறுத்துடும்." தொடையில் தையல் உரசாத, இடுப்பை இறுக்காமல் தோள்பட்டைகளில் தொங்கும் கால்சட்டை. லாரிக்காரர் கண்ணில் படுகிற மஞ்சள். "பொண்ணு பார்க்கவாடா போறே?" என்றாள். சட்டையின் முதுகுப் பைகளில் கடலைமிட்டாய் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள்.

"பின்னாடி கடலைமிட்டாய் இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. கால்சட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு. எடுக்கவே கஷ்டமாப் போச்சு."

"இந்தப் போட்டோவை இவர் முன்னாடியே பார்த்தாரா?"

"இல்லியே. பாடியை அடையாளம் காட்டினதும் பரணிதான்."



"பரணியை விட்டுடுங்க சார்," என்றாள்.

"ஏன்?"

"பட்டை வெறும் உடம்பு மேல. சட்டை அதுக்கும் மேல. அப்பதான் ஓட்டிக்கிட்டே பின்னால கைவிட்டு எடுத்துச் சாப்பிட முடியும். அவன் ஒருநாளும் மாத்திப் போட்டதில்ல. இது அவன் போட்டுக்கிட்டதில்ல, யாரோ போட்டுவிட்டது. பரணின்னா சரியாப் போட்டுவிட்டிருப்பான். சைக்கிளே ஓட்டாத ஆள்தான் இப்படிப் போடுவாங்க."

"யாரு மேடம்?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. "இந்தக் கோலத்துல அவன் கிளம்பினதைப் பார்த்தேன்னு இவர் சொல்றார். இந்தக் கோலத்துல அவன் கிளம்பவே மாட்டான்."

சத்தியநாதன் அவள் பக்கம் திரும்பினான். "ராத்திரி பேசினப்போ வீட்டை விக்க ஒத்துக்க மாட்டேன்னான், ஜெரு. லேசாத்தான் தள்ளினேன். மாடிப்படி..."

"கார் சாவி எங்க?" என்றபடி எழுந்தார் சிவகுமார்.

ஜீப் போன பிறகு ஜெரூஷா தம்பியின் அலமாரியைத் திறந்தாள். அடக்கத்துக்குத் துணி எடுக்க வேண்டும். மேலே இருந்தது வெள்ளைச் சட்டை. காட்டன். கை ஒரு கணம் நின்றது.

இனி வேர்க்காது.

எடுத்து விரித்து, இஸ்திரி போட ஆரம்பித்தாள்.