வீடு காலி

காலை ஆறே காலுக்கு அந்த ரோட்டில் நுழைந்தால் ஆறே முக்காலுக்கு அச்சகத்தின் கேட்டில் நிற்கலாம். ஒரு பக்கம் மூடிப்போன ஆலையின் நீண்ட மதில், மறு பக்கம் வாய்க்கால், நடுவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டிய அகலத்தில் தார். பனி நாட்களில் மதிலிலிருந்து ஈரச் செங்கல் வாடை வரும். சைக்கிள்காரன் ஒதுங்க ஒரு முழ அகலத்துக்கு மண் ஓரம் இருக்கிறது, அவ்வளவுதான். பதினோரு வருடம் அதில் போய் வந்திருக்கிறேன். இன்றைக்கு அந்த ரோட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நான் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவன். என் மைத்துனன் அங்கேயே பைண்டர், புத்தகம் தைத்து ஒட்டும் வேலை; சேர்ந்து மூன்று வருடம். என் மனைவிக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவனை வளர்த்ததும் அவள்தான். தம்பி என்று அவள் சொல்லும்போது மகன் என்றுதான் கேட்கும்.

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் திரும்பித் திட்டுவான். ஒருமுறை உரசிக்கொண்டு போன வேனை உள்ளங்கையால் ஓங்கி அறைந்துவிட்டான். அந்த டிரைவர் அச்சகக் கேட்டு வரை துரத்திக்கொண்டு வந்தான். விஷயம் வீட்டுக்குத் தெரிந்த அன்று என் மனைவி சாப்பிடவில்லை. அவனைப் பத்திரமாகக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கூட்டி வாருங்கள், வேறெதுவும் உங்களிடம் கேட்க மாட்டேன் என்றாள். சரி என்றேன்.

அதனால் பாடம் நடத்தினேன். வம்புக்கு வரும் கார்க்காரனிடம் சைக்கிள்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. தலை திரும்பினால் ஹேண்டில்பாரும் திரும்பும், சக்கரம் தானாக நடு ரோட்டுக்குப் போய்விடும். வாயைத் திறக்கக் கூடாது, ஓட்டுகிறவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது. ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓரம் கட்டி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றி நின்றுவிட வேண்டும். சண்டையை ரோட்டில் போடக் கூடாது, நம்பரை எழுதிக்கொண்டு போய் ஸ்டேஷனில் போட வேண்டும்.

"நாம பல்லைக் கடிச்சிட்டு நிக்கணும், அவன் பாட்டுக்குப் போய்டுவானா மாமா?" என்று கேட்டான்.

"நீ நில்லு மாப்ளே. நம்பரை நான் பாத்துக்கறேன். சாட்சிக்கு நான் இருக்கேன்" என்றேன்.

அதை அவன் நம்பினான். பாவி, நானும்தான் நம்பினேன்.

நான் முன்னால், அவன் பின்னால். பின்னால் வருவதைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. வெறுமனே லாரி, கார் என்று கத்தச் சலித்துப்போய் அவனே பேர் வைத்தான். லாரிக்குப் பெரியப்பா, கேள்வி கேட்காமல் வழி விட வேண்டும். பஸ்ஸுக்கு அத்தை, கண்ட இடத்தில் நின்று கதை பேசும். காருக்குச் சம்பந்தி, எவ்வளவு வழி விட்டாலும் குறை சொல்லிக்கொண்டே போகும். எல்லாம் போய் ரோடு சும்மா கிடந்தால், விருந்தாளிகள் கிளம்பிவிட்ட கணக்கில், "வீடு காலி" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் தினமும் தலையைத் திருப்பாமல் ரோட்டைக் கடந்து கேட்டுக்குள் திரும்புவேன். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அது தப்பியதில்லை.

பிறகு அந்தச் சாம்பல் நிறக் கார் வந்தது.

கண்ணாடியெல்லாம் கறுப்பு. உள்ளே யார் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், இஞ்சினை உறுமவிடும், ஹாரனை அழுத்தினால் கையை எடுக்காது. கடக்கும்போது அதன் பக்கக் கண்ணாடி முழங்கையைத் தடவிக்கொண்டு போகும். விளையாட்டாகச் செய்கிறான் என்று தெரிந்தது. மூன்று வாரம் இப்படி. மைத்துனனுக்குப் பற்றிக்கொண்டு வரும், ஆனாலும் நான் சொன்ன மாதிரியே கையைத் தூக்கிவிட்டு நின்றுவிடுவான். நம்பரை எழுதிவிட்டீர்களா என்று கேட்பான். எழுதிவிட்டேன் என்பேன். எழுதியும் வைத்திருந்தேன்.

அன்றைக்குப் பனி. வாய்க்கால் பாலத்தை ஒட்டி வரும்போது அவன் குரல் கேட்டது. சம்பந்தி, மாமா, அதே ஆள். நான் ஓரம் கட்டி நின்றேன். நின்ற பிறகு திரும்பலாம் என்பதால் திரும்பிப் பார்த்தேன். இருபதடி பின்னால் அவனும் நின்றிருந்தான். மண்ணில்தான் நின்றான். இரண்டு காலும் ஊன்றி, ஒரு கை மேலே.

கார் பயமுறுத்தத்தான் ஓரத்துக்கு வந்தது. ஈர மண்ணில் சக்கரம் வழுக்கிவிட்டது.

பெரிய சத்தம்கூட இல்லை.

கறுப்புக் கண்ணாடி இறங்கியது. உள்ளே எங்கள் அச்சகத்தின் புது மேனேஜர். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; அவர் கார் நிற்பது ஆபீஸ் பக்கத்து வாசலில், எங்கள் கண்ணில் பட்டதில்லை. கீழே கிடந்தவனை அவர் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இவர்தானே குறுக்க வந்தாரு. நீங்க பாத்தீங்கல்ல?"

என் மைத்துனன் கன்னத்தை மண்ணில் வைத்துக் கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொல்லப் போவதற்காகத்தான் காத்திருந்தான்.

"ஆமா சார்" என்றேன்.

அது அவன் காதில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டேஷனிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பயம். வேறென்ன? அடுத்த வாரம் மேனேஜர் என்னை சூபர்வைசர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் கேட்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி செத்த தம்பியைத் திட்டித் திட்டி அழுதாள். அவர் எத்தனை தடவை சொன்னார், கேட்டாயாடா, கோபப்பட்டுக் குறுக்கே போனாயே என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவளுக்கு மட்டும் தெரியக் கூடாது, ஆயுசுக்கும் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது என் மனதில் ஓடியது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். ரோடு அதேதான், பனியும் இருந்தது. பாலம் தாண்டியதும் ஒரு வாடை வந்தது.

பைண்டிங் பசை.

கொதிக்க வைத்த பசையின் புளித்த வாடை. அவன் விரலிடுக்கில் எந்நேரமும் இருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. பிரமை என்று நினைத்துக்கொண்டு பெடலை மிதித்தேன். அப்போது பின்னால் செயின் சத்தம் கேட்டது. நான் மிதித்தால் அதுவும் மிதித்தது. நான் விட்டால் அதுவும் விட்டு, கிர்ர்ரென்று சும்மா உருண்டது.

"சம்பந்தி, மாமா."

காதோரமாக இல்லை. சரியாக இருபதடி பின்னால்.

கை தானாக மேலே போனது. ஓரம் கட்டினேன். ஒரு வெள்ளைக் கார் வேகமாகக் கடந்து போனது. அதன் விளக்கு அணைந்திருந்தது, பனியில் நானாக அதைக் கவனித்திருக்கவே மாட்டேன். கால் ஊன்றி நின்ற நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

"வீடு காலி" என்றது குரல்.

அதிலிருந்து தினமும் வந்தான். பெரியப்பா வந்தால் சொன்னான், அத்தை வந்தால் சொன்னான். ஒன்றும் தப்பவில்லை. முதல் வாரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம் பயம் தெளிந்தது. மூன்றாவது வாரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன். ரத்த சொந்தமாக இல்லாவிட்டாலும் பிள்ளை மாதிரி இருந்தவன், மனசு இளகாமலா போகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் மிதித்தபடியே வாய் விட்டுக் கேட்டேன்.

"மாப்ளே, என்மேல கோவம் இல்லயே?"

செயின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பதில் வராததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பனி அதிகம். கேட்டுக்கு எதிரே வந்துவிட்டேன். ரோட்டைக் கடக்க வேண்டும். வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன்.

பசை வாடை.

"வீடு காலி, மாமா."

மூன்று வருடப் பழக்கம். தலையைத் திருப்பவில்லை. ஹேண்டில்பாரைத் திருப்பினேன்.

சாம்பல் நிறம்.

தாரில் கன்னம் அழுந்திக் கிடந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. நம்பிக் கழுத்தைக் கொடுத்துவிட்டோமே என்ற ஒரே நினைப்புதான். ஐயோ, நீயாடா, நீ சொல்லித்தானேடா திரும்பினேன் என்று கத்த நினைத்தேன், வாய் வரவில்லை. கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் இறங்கி நின்றார். இந்த முறையும் கீழே கிடந்தவனைப் பார்க்கவில்லை. கேட்டில் நின்ற வாட்ச்மேனைப் பார்த்தார். பதினோரு வருடம் தினமும் என்னோடு டீ குடித்தவன் அந்த வாட்ச்மேன்.

"இவர்தானே குறுக்க வந்தாரு. நீங்க பாத்தீங்கல்ல?"

வாட்ச்மேன் என் கண்ணைப் பார்த்தான். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு, ஆமா சார் என்றான். அப்படிச் சொல்லும்போது கீழே கிடப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தொடை வரை மாவுக்கட்டு. எட்டு வாரம் முன்னறைக் கட்டிலில் கிடந்தேன். சூபர்வைசர் நாற்காலி வேறொருவனுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. என் மனைவி ஆலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தம்பியின் சைக்கிளைப் பின்சக்கரம் மாற்றி எடுத்துக்கொண்டாள். அந்த ரோட்டில் வேண்டாம் என்று கெஞ்சினேன். பஸ்ஸில் போ என்றேன். எல்லாரும்தான் போகிறார்கள், எனக்கென்ன வந்தது என்றாள். காரணத்தைச் சொல்ல எனக்கு வாயேது?

முதல் வாரம் ரோட்டைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஹாரன் அடித்தே கொல்கிறார்கள், ஓரத்தில் இடமே இல்லை, நீங்கள் எப்படித்தான் போனீர்களோ என்றாள். இரண்டாவது வாரம் குறை நின்றுவிட்டது. ரோடு பழகிவிட்டதா என்று கேட்டேன். துணை இருந்தால் பயம் இல்லை என்றாள். யார் துணை என்று கேட்க நாக்கு எழவில்லை. அன்று ராத்திரி மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரலில் பசை வாடை அடித்தது.

தையல் கூடத்தில் பசைக்கு என்ன வேலை?

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது குறைந்தது. சண்டையெல்லாம் இல்லை. சாப்பாடு வரும், மாத்திரை வரும், தலையணையைக்கூடச் சரிசெய்துவிட்டுப் போவாள். பேச்சு மட்டும் வராது. சில நாள் காலையில் கிளம்பும்போது வாசலில் நின்று யாரிடமோ குரல் தாழ்த்திப் பேசுவது கேட்கும். எட்டிப் பார்க்க என்னால் எழ முடியாது. பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து மாசக்கணக்கு ஆகிறது.

இன்றைக்குக் கட்டுப் பிரித்தார்கள். கால் குச்சியாக இருந்தது, ஆனால் நடக்கலாம், மெல்ல மெல்ல சைக்கிள்கூட மிதிக்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. என் மனைவி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவன் ஓரமா மண்ணுலதானே நின்னான்?"

நான் குச்சிக் காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"கையைக்கூடத் தூக்கிக் காட்டினானாமே."

அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். மேனேஜர் இவளோடு பேசியதே கிடையாது. நானும் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது சொல்லடா, அழவாவது செய்யடா என்று மனசு அடித்துக்கொண்டது. ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு, யாரும் இல்லாத வாசல்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுட்டேன்டா" என்றாள் மெதுவாக.

எழுந்து நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தாள். என் சைக்கிளைக் கடையில் கொடுத்துச் சரிபண்ணி வைத்திருப்பதாகவும், காற்றும் நிறைய இருப்பதாகவும், காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும் என்றும் சாதாரணமாகச் சொன்னாள். என்னால் முடியாது, நான் வரவில்லை என்றேன். சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போல என் தோளில் கை வைத்தாள். கை சில்லென்று இருந்தது.

"நீங்க பயப்படாம முன்னாடி போங்க. பின்னாடி நாங்க வர்றோம்."