கவனச் சல்லடை

காலை ஒன்பது மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் தத்தம் வீடுகளில் காதுக்குப் பின்னால் சல்லடையை ஒட்டிக்கொள்வார்கள். நாணய அளவே உள்ள வில்லை. ஒட்டிய நொடியில் மிக்சியின் இரைச்சலும் பிள்ளைகளின் சண்டையும் மறைந்துவிடும். மிஞ்சுவது திரையும் வேலை சம்பந்தப்பட்ட குரல்களும்தான். காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் அந்தக் கோவை நிறுவனத்துக்கு அலுவலகக் கட்டடம் என்று ஒன்று கிடையாது.

தொலைப்பணி மேலாளர் தில்லைநாயகிதான் சல்லடையைக் கொண்டுவந்தவள். மூடவிருந்த நிறுவனம் இரண்டே ஆண்டில் நிமிர்ந்தது. தாளிக்கும் வாசனை கவனத்தைக் கலைக்கிறது என்று சிலர் சொன்னபோது, வாசனையையும் வடிகட்ட வைத்தாள். பிறகு பலர் அதைக் கழற்றாமலே தூங்கினார்கள். அந்த எண்ணிக்கை ஏற ஏற, அதையும் சாதனையாக அறிக்கையில் எழுதினாள்.

அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் தூத்துக்குடி இருதயராஜ். கேடயத்தை நேரில் கொடுக்கப் போனாள். கதவு திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. மலமும் சீழும் கலந்த வாடை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"வாங்க மேடம்! எங்க வீடு வரைக்கும் வந்திருக்கீங்களே!" இருதயராஜ் சிரித்தான். அவன் மேசையில் பாதி தின்ற இட்லி இருந்தது.

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"அப்பா மட்டுந்தான். உள்ள தூங்குதாங்க. பாத்துக்கிட ஒரு அக்கா வருவாங்க."

"இன்னைக்கு வந்தாங்களா?"

அவன் யோசித்தான். "வந்திருப்பாங்க மேடம்."

அவள் உள்ளறைக் கதவைத் தள்ளினாள். அவன் அப்பா சவரிமுத்து தூங்கவில்லை. படுக்கையோடு படுக்கையாக, இடுப்புக்குக் கீழே காய்ந்தும் காயாமலும் அப்பிய கழிவில் கிடந்தார். முதுகுப் புண்ணில் ஈக்கள். உதடு அசைந்தது, குரல் இல்லை.

"அந்தப் பொண்ணு சொல்லிட்டுத்தான் போச்சு," என்று அவர் காற்றாகச் சொன்னார். "நாளையில இருந்து வரமாட்டேன்னு. அவன் தலையாட்டுனான். ரெண்டு நாளா கத்திப் பாத்தேன்மா."

தில்லைநாயகி திரும்பிவந்து அவன் காதின் பின்னாலிருந்த வில்லையைப் பிய்த்தெடுத்தாள். மூச்சை உள்ளிழுத்த இருதயராஜ் அந்த இடத்திலேயே குனிந்து வாந்தியெடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். "எப்பா... எப்பா..." என்பதைத் தவிர அவனுக்கு வேறு சொல் வரவில்லை. இருவரும் சேர்ந்து கிழவரைப் புரட்டிக் கழுவினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது.

மருத்துவமனை நடைபாதையிலிருந்து நிர்வாக இயக்குநரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பாவம்தான். அப்பா, அம்மா குரல மட்டும் விடுற மாதிரி ஒரு திருத்தம் பண்ணிடலாமே? வேணுங்கறவங்க மாசக் கட்டணம் கட்டி வாங்கிக்கட்டும். நல்ல யோசனையில்ல?"

அவளுக்குக் குமட்டியது. அந்த அறையில்கூட அப்படிக் குமட்டவில்லை. இதே யோசனையை நேற்று அவளே சொல்லியிருப்பாள் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டுக் கைபேசியிலேயே கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, எல்லாச் சல்லடைகளையும் ஒரே ஆணையில் அணைத்தாள்.

அவள் கைபேசித் திரையில், வேலை நேரக் கேமராக்களில் தெரிந்த ஊழியர்களின் சின்னச் சின்ன முகங்கள் நிமிர்ந்தன. ஒருவர் காதைப் பொத்தினார். ஒரு பெண் எழுந்து ஓடினாள். நாற்காலிகள் காலியாயின. ஒரு மணி நேரத்துக்குள் விண்ணப்பங்கள் வந்து குவியத் தொடங்கின. இருநூற்றுக்கும் மேலே. எல்லாம் ஒரே கேள்வி: திரும்ப எப்போது போடுவீர்கள்?

பக்கத்து நாற்காலியில் இருதயராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"மேடம், எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் போட்டுவிடுங்களேன். வாடை போகமாட்டேங்குது."

தில்லைநாயகி தன் விரல்களை முகர்ந்தாள். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள்.

"எனக்கும் போகல இருதயராஜ்," என்றாள்.

செவிலி வந்து, புண்ணைக் கழுவ வேண்டும், அவரை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். இருதயராஜ் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து, மூக்கைப் பொத்தாமல் உள்ளே போனான்.